ஸ்கெட்ச்ல டைமென்ஷன் போட்டா உள்ள என்ன நடக்குது?

சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் மாதிரி கம்ப்யூட்டர்ல பாகங்களை வடிவமைக்கிற சாஃப்ட்வேர்ல ஸ்கெட்ச், அதாவது தட்டையான கோட்டுப்படம் வரையும்போது ஒரு கோடு இழுத்து, அதுக்கு டைமென்ஷன் (அளவு) போட்டு 50ன்னு அடிச்சு என்டர் தட்டுனா கோடு டக்குனு 50 மில்லிமீட்டருக்கு வந்து நிக்கும். டிராயிங் போர்டுல வரைஞ்ச காலத்துல கோடு 49 இருந்தாலும் பக்கத்துல 50ன்னு எழுதிரலாம், கோடு பாட்டுக்கு அப்படியே கிடக்கும். இங்க நீங்க போடுற ஒவ்வொரு டைமென்ஷனும் ஒரு சமன்பாடா உள்ள போகுது, அந்த சமன்பாடுங்க மொத்தத்தையும் சால்வர்னு ஒரு புரோகிராம் தீர்த்து, கிடைச்ச விடைக்கு தக்க கோடுகளை நகர்த்தி வைக்குது. ஸ்கெட்ச் ஏன் சிவப்பாகுது, ஏன் திடீர்னு கவுந்துக்குதுங்கிற எல்லாத்துக்கும் காரணம் இதுதான்.

யோசனை ரொம்ப பழசு. 1963லயே இவான் சதர்லேண்ட் எம்ஐடி முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட்னு ஒண்ணு செஞ்சார், டிஎக்ஸ்-2 கம்ப்யூட்டர் திரையில லைட் பென் வச்சு கோணல்மாணலா வரைஞ்சுட்டு இந்த ரெண்டு கோடும் பேரலல்னு சொன்னா அது சரி பண்ணிக்கும். கடைக்கு வர்ற சாஃப்ட்வேரா இது பரவுனது 1988ல ப்ரோ/இன்ஜினியர் வந்த பிறகு.

சரி, ஒரு செவ்வகத்தை எடுத்துக்குவோம். ஒரு கோட்டுக்கு ரெண்டு முனை, ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், ஒய்னு ரெண்டு எண், ஆக 4. நாலு கோட்டுக்கு 16 எண், எல்லாமே இஷ்டத்துக்கு நகரலாம், இதைத்தான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம்னு சொல்றாங்க. நாலு மூலையிலயும் முனைங்க ஒட்டியிருக்கணும்னு சொன்னா ஒரு மூலைக்கு 2 வீதம் 8 போச்சு. ரெண்டு கோடு படுக்கை, ரெண்டு கோடு நெட்டுன்னு சொன்னா இன்னும் 4 போச்சு, மீதி 4. ஒரு மூலையை ஒரிஜின்ல, அதாவது எக்ஸும் ஒய்யும் பூஜ்யமா இருக்கிற புள்ளியில கட்டிட்டா 2 போயிரும், கடைசியா அகலம் 40, உயரம் 30ன்னு ரெண்டு டைமென்ஷன் போட்டா மீதி பூஜ்யம். அந்த நிமிஷம் ஃப்ரீகேட்ல ஸ்கெட்ச் பச்சையாகும், சாலிட்வொர்க்ஸ்ல நீலமா இருந்தது கருப்பாகும். நாம ரெண்டே ரெண்டு டைமென்ஷன்தான் போட்ட மாதிரி தெரியும், ஆனா மீதி வேலையில பெரும்பங்கை ரெக்டாங்கிள் டூல் சத்தமில்லாம முடிச்சிருக்கும்.

இப்ப அதுக்கு மேல மூலைவிட்டத்துக்கும் 50ன்னு ஒரு டைமென்ஷன் போட்டு பாருங்க. 40, 30க்கு மூலைவிட்டம் சரியா 50தான், கணக்குல தப்பே இல்ல, இருந்தாலும் சாஃப்ட்வேர் ஒத்துக்காது. ஏன்னா நாளைக்கு உயரத்தை 35 ஆக்குனா மூலைவிட்டம் 53.15 ஆகணும், நீங்களோ 50ல பூட்டி வச்சிருக்கீங்க, எதை விட்டுக்கொடுக்கிறதுன்னு அதுக்கு தெரியாது. அந்த அளவு டிராயிங்ல தெரியணும், அவ்ளோதான்னா ரெஃபரன்ஸ் டைமென்ஷனா போடுங்க, சால்வர் அதை சமன்பாடா எடுத்துக்காது, வடிவம் மாறுனப்புறம் அளந்து காட்டும்.

அளவு அதிகமா குறைவாங்கிறதை வெறும் எண்ணிக்கையை வச்சு மட்டும் கண்டுபிடிக்க முடியாதுங்கிறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். முக்கோணத்தோட உருவத்தை நிறுத்த 3 அளவு வேணும், மூணு பக்கம் கொடுத்தா போதும். அதுக்கு பதிலா மூணு கோணத்தையும் 60ன்னு கொடுத்தா? எண்ணிக்கை 3தான், ஆனா ரெண்டு கோணம் தெரிஞ்சாலே மூணாவது தானா வந்துரும், அதனால ஒண்ணு வேஸ்ட், முக்கோணம் எவ்ளோ பெருசுங்கிறதும் இன்னும் முடிவாகல. ஒரே ஸ்கெட்ச்ல ஒரு அளவு அதிகமாவும் இருக்கு, ஒண்ணு குறைவாவும் இருக்கு! இதை பிடிக்க சால்வர் எல்லா சமன்பாட்டையும் ஒரு மேட்ரிக்ஸா (எண் அட்டவணையா) அடுக்கி, எந்த வரிசை மத்ததுல இருந்தே வந்துருதுன்னு பார்க்கும்.

தீர்க்கிறது எப்படி? பெரும்பாலும் நியூட்டன் முறையும் அதோட சொந்தக்கார முறைகளும்தான், அதாவது ஒரு தோராய விடைல ஆரம்பிச்சு தாவித் தாவி சரியான விடையை நெருங்குறது. ஒரு முனை பூஜ்யத்துல, கோடு படுக்கை, இன்னொரு முனை இப்ப 40ல இருக்குன்னு வைங்க. நீளம் 50 வேணும், அதாவது எக்ஸ் ஸ்கொயர் 2500 ஆகணும். 40ல இருந்து கிளம்புனா முதல் தாவல்ல 51.25, அடுத்தது 50.015, அடுத்தது 50.000002. மூணே தாவல், கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

இப்ப அந்த முனை இடது பக்கம் மைனஸ் 40ல இருந்திருந்தா? அதே சமன்பாடு, அதே கணக்கு, ஆனா போய் நிக்கிற இடம் மைனஸ் 50. ரெண்டுமே சரியான விடை, எங்கிருந்து கிளம்புதோ அதுக்கு பக்கத்துல இருக்கிறதுக்குத்தான் பெரும்பாலும் போகும். நீங்க கையால இழுத்து வச்ச படம்தான் அந்த கிளம்புற இடம். ஸ்கெட்ச் திடீர்னு கண்ணாடில பார்த்த மாதிரி திரும்பிக்கிறதுக்கும், ஆர்க் ஒண்ணு வெளிய வளையாம உள்ள வளைஞ்சிட்டு போறதுக்கும் முக்கியமான காரணம் இதுதான், 500க்கு வரைஞ்சு வச்ச உருவத்துல 12ன்னு ஒரு டைமென்ஷனை அடிச்சா மத்த முனைங்க எல்லாம் இழுபட்டு சால்வர் வேற விடைக்கு பக்கத்துல போய் விழுந்துருது.

அதனாலதான் வரையும்போதே தோராயமா சரியான சைஸ்ல வரைங்க, ஒட்டியிருக்கணும், படுக்கை, பேரலல் மாதிரியான ஜாமெட்ரி கன்ஸ்ட்ரெயின்ட்டை (வடிவ நிபந்தனையை) எல்லாம் முதல்ல போட்டுட்டு டைமென்ஷனுக்கு வாங்கன்னு சொல்றாங்க. பழைய ஸ்கெட்ச்ல பெரிய மாற்றம் பண்ணணும்னா 500ல இருந்து நேரா 12க்கு போகாம 300, 100, 40ன்னு படிப்படியா இறக்குங்க, ஒவ்வொரு தடவையும் சால்வர் போன விடைல இருந்தே கிளம்புறதால வடிவம் கலையாம கூடவே இறங்கி வர வாய்ப்பு ரொம்ப அதிகம்.