கனுலா என்னும் செருகுகுழல்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாட்டுக்குள் போனால் "மிஸி, கனுலா போட்ட இடம் வீங்கிப் போச்சு" என்ற குரல் கேட்கும். சேலைன் ஏற்றக் கையில் குத்தி, பிளாஸ்டர் ஒட்டிவிடும் மெல்லிய குழல்தான் அது. சிலர் ஊசி என்பார்கள், அது சரியில்லை. குழலை நாளத்துக்குள் விட்டதும் ஊசி வெளியே வந்துவிடும்.

சொல் இலத்தீன். 'கன்னா' என்றால் நாணல், 'கன்னுலா' சின்ன நாணல். தமிழில் வடிகுழாய் எனலாம் என்றால், அது கதீற்றருக்கு (சிறுநீர் எடுக்கப் போடும் குழாய் போன்றவை) போய்விட்டது; கனுலாவோ வடிக்கவும் செய்யும், ஏற்றவும் செய்யும். உள்துளை உள்ளதற்குப் பழந்தமிழில் 'தூம்பு' என்ற அருமையான சொல் உண்டு. ஆனால் இன்று வாட்டில் யாருக்கு விளங்கும்? என் தெரிவு செருகுகுழல்.

2016இல் ஜெயலலிதாவுக்கும் 2020இல் பாடகர் எஸ்.பி.பி.க்கும் எக்மோ பொருத்தியதாகச் செய்தி வந்தபோது அந்தப் பெயரும் நம் வீடுகளுக்குள் வந்தது. இரத்தத்தை வெளியே எடுத்து, ஒட்சிசன் சேர்த்து, காபனீரொட்சைட்டை நீக்கி உடலுக்குள் திருப்பி அனுப்பும் இயந்திரம் அது. எடுப்பதும் அனுப்புவதும் கனுலா வழியாகத்தான். பெயர் ஒன்று, ஆள் வேறு. கையில் போடும் குழலின் தடிப்பைக் 'கேஜ்' அளவில் சொல்வார்கள்; 20 கேஜ் குழல் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்பு. எக்மோக் குழலைப் 'பிரெஞ்சு' அளவில் சொல்வார்கள். 3 பிரெஞ்சு ஒரு மில்லிமீற்றர். தொடை நாளத்தில் போடும் 25 பிரெஞ்சுக் குழல் 8 மில்லிமீற்றரைத் தாண்டும். நிமிடத்துக்கு 4, 5 லீற்றர் ஓடலாம், அதாவது வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரத்தம் கிட்டத்தட்ட முழுவதும்.

அதனால் இங்கே 'ஒட்டுதல்' என்ற சொல் போதாது; 'நிலைப்படுத்தல்' வேண்டும். தோலோடு தையல் போட்டு, தொடை நெடுக ஓரிடத்துக்கு மேல் பிடிப்பு வைப்பார்கள். கழுத்துக் குழலைத் தலையைச் சுற்றிய பட்டியோடு பொருத்துவதும் உண்டு. காலைச் சுற்றி இறுக்கிக் கட்டக்கூடாது, இரத்த ஓட்டம் தடைப்படும். குழல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று குறித்துவைத்து, ஒவ்வொரு வேலைமுறை (ஷிப்ட்) மாறும்போதும் தாதியர் சரிபார்ப்பார்கள். நோயாளியைப் புரட்டும்போது குழல்களைப் பிடிக்க மட்டுமே ஒருவர் நிற்பார்.

கைக் கனுலா கழன்றால் பஞ்சு வைத்து அழுத்தினால் சரி. எக்மோவில் இரத்தத்தை எடுக்கும் குழல் கழன்றால் பம்பு காற்றை உறிஞ்சும். அனுப்பும் குழல் கழன்றால் நிமிடத்துக்குள் லீற்றர் கணக்கில் இரத்தம் போகும். உடனே இடுக்கி போட்டு ஓட்டத்தை நிறுத்தி, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.