‘நார்மல்’ என்று வந்த இரத்தப் பரிசோதனை

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கும் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது. கிளினிக்கில் இரத்தம் எடுக்கிறார்கள். முடிவு ‘நார்மல்’. மருந்துக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது. பின்னாளில் நட்டஈடு கேட்டு எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த ஒரு தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் பூச்சி மருந்து உடம்பில் நன்றாக ஏறியிருக்கும்போதும் அந்தச் சோதனை ‘நார்மல்’ என்றே வரலாம். ஆய்வுக்கூடம் தவறு செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று புரிய, மருந்து நரம்பில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது, நட்டது 1917இல். செம்பனைக்குப் பெரிய எதிரி, இலைத் துணுக்குகளால் கூடு கட்டி அதற்குள் ஒளிந்து வாழும் ஒரு புழு. மலாயில் ‘உலாட் புங்குஸ்’ என்பார்கள். கூட்டமாக இறங்கினால் ஓலை காய்ந்து எலும்புக்கூடாகத் தொங்கும். ஆபத்தான பூச்சி என்று 2013இல் அரசே அதை அறிவித்தது. உயர்ந்த மரங்களில் அதைக் கொல்ல ஒரு வழி உண்டு: அடிமரத்தில் மிஷினால் துளை போட்டு, மருந்தை உள்ளே விட்டு, துளையை மண்ணால் அடைப்பது. இதற்கு நீண்ட காலம் பயன்பட்டவை மோனோகுரோட்டோபாஸ், மெதமிடோபாஸ் என்ற இரண்டு மருந்துகள். இரண்டுமே கரிமப் பாஸ்பரஸ் வகை. 1996இல் வந்த மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளுக்கான விதிகளில் இரண்டும் உண்டு.

நம் தசை அசைய வேண்டுமென்றால் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிந்து, சிறு இடைவெளியைத் தாண்டி, தசையைத் தொட வேண்டும். தொட்டவுடன் தசை சுருங்கும். வேலை முடிந்ததும் அந்த அசிட்டைல்கோலின் உடனே அழிக்கப்பட வேண்டும். அழிப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். உடம்பில் உள்ள மிக வேகமான நொதிகளில் அதுவும் ஒன்று.

கரிமப் பாஸ்பரஸ் மருந்து நேராகப் போய் அந்த நொதியின் வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, அசிட்டைல்கோலின் சேர்ந்துகொண்டே போகிறது. அமுக்கிய அழைப்பு மணி சிக்கிக்கொண்டு விடாமல் அடிப்பதுபோல, ஒவ்வொரு நரம்பும் ஓயாமல் கட்டளை இடுகிறது. வேர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்ணீர் வழியும், வயிறு பிசையும், நெஞ்சில் சளி நிரம்பும். இமையும் கன்னமும் தானாகத் துடிக்கும். பிறகு தசைகள் ஓய்ந்து தளரும். மூச்சுவிடும் தசையும் அப்படித் தளர்ந்துவிட்டால் உயிர் போகும்.

நடுப்பகல் வெயிலில் வேலை செய்கிறவருக்கு வேர்வையும் தலைவலியும் வந்தால் யார்தான் மருந்தைச் சந்தேகிப்பார்கள்? ‘வெயில்தான் காரணம், தண்ணி குடிங்க’ என்பார் மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் இரண்டு பெனடால் வலி மாத்திரை கிடைக்கும். நேர்ந்தது வெயிலா மருந்தா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் கண்ணில் இருக்கிறது. வெயில் மயக்கத்தில் கருவிழி நடுவிலுள்ள கறுப்பு வட்டம் ஊசிமுனையாகச் சுருங்காது. இந்த மருந்து ஏறினால் பெரும்பாலும் சுருங்கும். நிழலுக்கு அழைத்து வந்த பிறகும் வட்டம் விரியாமல் புள்ளியாகவே இருந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது மண்டோர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தாமதம் ஏன் கூடாது என்பதற்கும் வேதியியல் காரணம் உண்டு. ஒட்டிக்கொண்ட மருந்தை நொதியிலிருந்து பிரித்தெடுக்கப் பிராலிடாக்சிம் என்ற ஊசி இருக்கிறது. ஆனால் நேரம் போகப் போக அந்தப் பிணைப்பு மாறி, இனிப் பிரிக்கவே முடியாத நிலைக்கு இறுகிவிடும். மோனோகுரோட்டோபாஸ் சேர்ந்த வகையில், முடங்கிய நொதியில் பாதி இப்படி இறுகுவதற்கு ஏறக்குறைய 4 மணி நேரமே ஆகும். வேறு சில கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளுக்கு 30 மணி நேரத்துக்கு மேல் அவகாசம் உண்டு. தோட்டத்து உள்பாதையிலிருந்து வண்டி பிடித்துத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ போய்ச் சேருவதற்குள் அந்த 4 மணி நேரத்தில் எவ்வளவு கரைந்துவிடும்! அசிட்டைல்கோலினின் ஆட்டத்தை அடக்கும் அட்ரோபின் அப்போதும் உயிரைக் காக்கும். நொதியை மட்டும் மீட்க முடியாது.

மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் அது பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பும் இல்லை. இதே இனத்தைச் சேர்ந்த பாராத்தியானைத் தன்னார்வலர்களின் தோலில் தடவிப் பார்த்த ஆய்வில், முன்கை வழியாக 9 சதவீதம் உள்ளே போனது, நெற்றி வழியாக 36 சதவீதம், ஆண்களின் விதைப்பை வழியாக ஏறக்குறைய முழுவதும். மூடி சரியாக இறுகாத முதுகுப் பம்பிலிருந்து ஒழுகும் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று யோசியுங்கள். முதுகை நனைத்து, இடுப்பில் தேங்கி, தொடை இடுக்குக்குப் போகிறது. கையுறை மட்டும் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு தந்தோம் என்று சொல்வதில் நியாயம் இல்லை. அந்த ஈர உடுப்போடு ஓர் அக்கா லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) திரும்பி, அதைப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையோடு ஒரே பேசினில் ஊறப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். வேறு பேசின் வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இப்போது இரத்தப் பரிசோதனைக்கு வருவோம். நரம்பிலுள்ள நொதியை அளக்க முடியாது. ஆனால் அதே நொதி சிவப்பணுக்களின் மேலும் இருக்கிறது; அதற்கு நெருங்கிய இன்னொன்று இரத்தத் தெளிநீரில் இருக்கிறது. மருந்து இவற்றையும் முடக்குவதால், இவற்றை அளந்தால் பாதிப்பின் அளவு தெரியும். சிக்கல் எங்கே என்றால், இந்த நொதி ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஓர் ஆய்வுக்கூடத்தின் ‘நார்மல்’ எல்லை 100 முதல் 200 வரை என்று வைத்துக்கொள்வோம். இயல்பிலேயே 190 உள்ளவருக்கு அது 120 ஆக இறங்கினால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முடங்கிவிட்டது என்று பொருள். ஆனாலும் தாளில் ‘நார்மல்’ என்றே வரும். மருந்துப் பக்கமே போகாத இன்னொருவருக்கு இயல்பு அளவே 110 ஆக இருக்கலாம்.

ஆகவே ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். மருந்து வேலையில் இறங்குவதற்கு முன் எடுத்த இரத்தம் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதலே இதற்குக் கட்டாயத் திட்டம் இருக்கிறது. தொழிலாளியின் அளவு, அவருடைய சொந்தத் தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை முறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதமாகவோ தெளிநீர் நொதி 60 சதவீதமாகவோ இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். மீண்டும் 80 சதவீதத்தைத் தொடும்வரை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது.

மலேசியச் சட்டத்திலும் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தான வேதிப்பொருள் பயன்பாட்டுக்கான 2000ஆம் ஆண்டு விதிகள் மருத்துவக் கண்காணிப்பைப் பற்றிப் பேசுகின்றன. வேலையால் நஞ்சேறியதைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் 7 நாட்களுக்குள் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு விதி. தொழில்சார் நோய்க்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் நட்டஈடு உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் அடங்குவர். ஆனால் இவை அத்தனையும் ‘வேலையால் வந்தது’ என்று நிறுவப்பட்ட பிறகே அசையும். குத்தகைக்காரர் கையில் இன்று இங்கும் நாளை வேறு தோட்டத்திலும் வேலை செய்கிறவரின் தொடக்க அளவை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஐரீன் பெர்னாண்டஸின் தெனகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட் களைக்கொல்லியை ஒழிக்கப் போவதாக அரசு அறிவித்தது; 2006இல் பின்வாங்கியது; முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். இத்தனை ஆண்டுகள் நகம் கழன்றும் மூக்கில் இரத்தம் வடிந்தும் வேலை செய்தவர்களுக்கு அந்தத் தடை எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

தொடக்க அளவு இல்லாதவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. இழந்த நொதியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. பழைய அணு செத்துப் புதிய அணு பிறந்தால்தான் அளவு ஏறும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் மீட்சி நாளுக்கு ஏறக்குறைய 1 சதவீதம்தான். தெளிநீர் நொதியைக் கல்லீரல் தொடர்ந்து செய்வதால், அது சில வாரங்களிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே மயக்கம் வந்த அன்றே இரத்தம் எடுத்து, சிவப்பணு நொதி, தெளிநீர் நொதி இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்ல வேண்டும். மருந்து வேலையை விட்டு விலகி, ஒரு மாதம் கழித்தும், பிறகு நான்காம் மாதத்திலும் அதே ஆய்வுக்கூடத்தில், அதே முறையில் மறுபடி எடுக்க வேண்டும். முதல் தாளில் ‘நார்மல்’ 120, கடைசித் தாளில் ‘நார்மல்’ 185 என்று வந்தால், அன்றைய 120 அவருக்கு இயல்பான அளவே அல்ல என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியும்.