ஓடிக்கொண்டே எண்ணெய் கொடுக்கும் கப்பல்

2004-ல் ஆஸ்திரேலியக் கடற்படை ஒரு டேங்கரை வாங்கியது. தென்கொரியாவின் ஹூண்டாய் மிப்போ தளத்தில் வணிகத்துக்காகக் கட்டப்பட்ட அதன் பெயர் ‘டெலோஸ்’. நீளம் 191 மீட்டர். 2006 செப்டம்பரில் அது ‘சிரியஸ்’ என்ற பெயரோடு கடற்படையில் சேர்ந்தது. இடையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹெண்டர்சனில் அதை ஒரு புது வேலைக்குப் பழக்கினார்கள்.

வணிக டேங்கர் துறைமுகத்தில் கட்டி நின்றுகொண்டுதான் எண்ணெயை இறக்கும். போர்க்கப்பலால் நடுக்கடலில் அப்படி நிற்க முடியாது. நின்றால் நீர்மூழ்கிக்கு எளிதான இலக்கு. அதனால் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் கைமாற வேண்டும்.

இரண்டு கப்பல்களும் ஏறக்குறைய 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டரில், பக்கம் பக்கமாகப் போகின்றன. நடுவில் 40, 50 மீட்டர்தான் இடைவெளி. அந்தச் சந்தில் நெருக்கப்படும் தண்ணீர் வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். கொடுக்கும் கப்பல் திசை மாறாமல் போகும். வாங்கும் கப்பல்தான் சுக்கானையும் வேகத்தையும் இம்மி இம்மியாகத் திருத்தி இடைவெளியைக் காக்க வேண்டும்.

முதலில் ஒரு மெல்லிய கயிறு துப்பாக்கியால் மறு கப்பலை நோக்கிச் சுடப்படுகிறது. அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு வரும், அப்புறம் எஃகு வடம். வடத்தில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய் நகர்ந்து போய், எதிர்க்கப்பலின் புனல் போன்ற வாயில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்.

இனிமேல்தான் சிக்கல். அலையில் கப்பல்கள் ஆடுவதால் இடைவெளி நொடிக்கு நொடி மாறும். வடம் தொய்ந்தால் குழாய் கடலில் விழும். விறைத்தால் அறுந்து ஆளையே வெட்டிவிடும். பட்டம் விடுகிறவர் காற்றுக்குத் தக்கபடி நூலை விட்டுப் பிடிப்பாரே, அதைச் செய்ய இங்கே அழுத்தக் காற்றில் இயங்கும் ஒரு உருளை இருக்கிறது. கப்பல்கள் விலகினால் வடத்தை விடும், நெருங்கினால் இழுத்துக்கொள்ளும். எனக்கு இந்தக் கப்பலிலேயே மிகவும் பிடித்த கருவி அதுதான்.

மாற்றும் வேலையில் பெரும்பகுதி இதற்காகத்தான். வடம் தாங்கும் உயர்ந்த எஃகுக் கம்பங்கள் வேண்டும். அவற்றின் இழுவிசையைத் தாங்க மேல்தளத்தை வலுப்படுத்த வேண்டும். மேல்தளத்துக்குக் கீழே இருப்பவை எண்ணெய்த் தொட்டிகள். எண்ணெய் ஏற்றி இறக்கிய கப்பல் என்றால், எரிவாயு துளியும் இல்லாமல் அவற்றைச் சுத்தம் செய்த பிறகே பற்றவைப்பை (வெல்டிங்) தொடங்க முடியும்.

ஹெலிகாப்டர் எரிபொருளுக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய், தனி வடிகட்டி. அதில் தண்ணீர் கலந்தால் என்ஜின் வானத்திலேயே நின்றுவிடலாம். ஆகவே இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

அவசரத்துக்கு எளிய வழியும் உண்டு. 1982 பாக்லாந்து போரில் பிரிட்டன் பிபி எண்ணெய் நிறுவனத்தின் டேங்கர்களை எடுத்துக்கொண்டபோது, குழாயைப் பின்பக்கமாகக் கடலில் மிதக்கவிட்டு, பின்னால் வரும் கப்பலிடம் கொடுத்தார்கள். மெதுவான முறை, ஆனால் பெரிய கம்பங்கள் தேவையில்லை.

மாற்ற முடியாதவையும் உண்டு. சிரியஸின் வேகம் கடைசிவரை 16 நாட்தான். ஒரே என்ஜின், ஒரே சுழலி (புரொப்பல்லர்). கொண்டுபோவதும் பெரும்பாலும் எரிபொருள் மட்டுமே. 2021-ல் அது ஓய்வு பெற்றது. அதே ஆண்டு கடற்படையில் சேர்ந்த ‘சப்ளை’ என்ற கப்பல் இந்த வேலைக்கென்றே ஸ்பெயினில் கட்டப்பட்டது. எரிபொருளோடு வெடிமருந்தையும் உணவுப்பொருளையும் சேர்த்தே சுமக்கிறது.