எந்தத் தெரபி என்பதற்கு முன்னால்: அறையில் யார் யார் இருக்க வேண்டும்?

மனநல ஆலோசனைக்கு நேரம் கேட்டு என்னை அழைப்பவர்களில் பலர் இப்போது சிகிச்சையின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். "சி.பி.டி. பண்ணுவீங்களா?", "எனக்கு இ.எம்.டி.ஆர். ஒத்துவருமா?" என்று. (முதலாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சை, இரண்டாவது அதிர்ச்சியான நினைவுகளுக்கான சிகிச்சை.) படித்துத் தெரிந்துகொண்டு வருபவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்னால் நான் ஒன்றைக் கேட்டுவிடுவேன். இந்தப் பிரச்சினை உங்களுக்குள்ளேயே நடக்கிறதா, உங்களுக்கும் இன்னொருவருக்கும் நடுவில் நடக்கிறதா? எந்த முறை என்பதைவிட, யார் யார் வந்து உட்கார வேண்டும் என்பதில்தான் பலர் ஆரம்பத்திலேயே தடம் மாறிப்போகிறார்கள்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பதினைந்து வயதுப் பையனை அப்பாவும் அம்மாவும் அழைத்து வந்திருந்தார்கள். "படிக்க மாட்டேங்கிறான், ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல. நீங்களே அவன்கிட்ட கொஞ்சம் பேசுங்க மேடம்." பையனிடம் தூக்கம் எப்படி என்று கேட்டேன். அம்மா பதில் சொன்னார். பள்ளியில் யாரோடு பேசுவாய் என்று கேட்டேன். அப்பா பதில் சொன்னார். பையன் சட்டைக் கையில் தொங்கிய ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தான். நடுவில் அம்மா, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான்" என்றார். அப்பா சட்டென்று திரும்பி, "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். குரல்கள் மெல்ல உயர ஆரம்பித்தன. அதுவரை நிமிராத பையன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "அப்பா, விடுங்கப்பா. என்னாலதானே? நான் படிக்கிறேன்."

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே இழுக்கப்படுகிறார், அந்த முக்கோணத்தில்தான் குடும்பம் நிலைகொள்கிறது என்று குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவன் எழுதினார். இந்தப் பையன் செய்துகொண்டிருந்த வேலை அதுதான். அவனை மட்டும் தனியே உட்காரவைத்து எத்தனை அருமையான முறையில் பேசினாலும், அவன் திரும்பிப் போகப்போவது அதே வீட்டுக்கு, அதே வேலைக்கு. அதனால் மூவரையும் சேர்த்துச் சில அமர்வுகள், இடையிடையே பையனோடு தனியாகச் சில அமர்வுகள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தனி அமர்வில் அவன் சொல்வது பெற்றோருக்குப் போகாது, அவன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்பதை முதல் நாளே நான்கு பேரும் இருக்கும்போது பேசி முடித்தோம். வளரிளம் பருவத்தினரை அழைத்துப் போகிறவர்கள் இந்தப் பேச்சு நடக்கிறதா என்று கவனியுங்கள். நடக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பெரும்பாலான சிக்கல்களுக்குத் தனிநபர் ஆலோசனையே போதும், அதுவே வசதியும்கூட. மணவாழ்க்கைப் பிரச்சினை அப்படியல்ல. கணவனோ மனைவியோ தனியாக வந்து மாதக்கணக்கில் மற்றவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், கேட்கும் ஆலோசகருக்கு ஒரு பக்கத்துக் கதை மட்டுமே தெரியும். பேசுகிறவருக்கு ஆறுதல் கிடைக்கும், உறவு அதே இடத்தில் நிற்கும். தம்பதியாக வரும்போது அந்த உறவுதான் ஆலோசனைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது ஆலோசகரின் வேலையல்ல. தொடங்கும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எங்களில் ஒருவர் தனியாக அழைத்து ஒரு ரகசியத்தைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்காத இடத்தில் பின்னால் பெரிய சங்கடம் வரும்.

ஆனால் அடி விழுகிற வீட்டில், ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிற வீட்டில், சேர்ந்து உட்காரும் ஆலோசனை ஏற்றதல்ல. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. அறைக்குள் துணிந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம். அதனால் அங்கே அவர் உண்மையைச் சொல்லவும் மாட்டார். "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே" என்கிற தொனியில் பேச்சு திரும்பிவிட்டால், அடிபட்டவர் மேலேயே பாரம் ஏறுகிறது. முதலில் தனியாக, பாதுகாப்பைப் பற்றி. மற்றதெல்லாம் அப்புறம். இதனால்தான் தம்பதிகளைச் சேர்த்து உட்காரவைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

குழு சிகிச்சை என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று. அந்தக் கூச்சம் நியாயமானதே. ஆனால் 1905இல் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் பாஸ்டன் நகரில் காசநோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்து வகுப்பெடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: ஒரே கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தருவதை நோய் இல்லாத ஒருவரால் தர முடிவதில்லை. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் உடைவதே பாதி நிவாரணம். பிறர் முன்னால் பேசப் பயப்படுகிறவருக்கும், குடியிலிருந்து மீள்கிறவருக்கும், நெருங்கியவரை இழந்தவருக்கும் குழு பல நேரம் தனி அமர்வைவிட நன்றாக உதவுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்வதற்கு முன் ஆலோசகர் உங்களைத் தனியாகச் சந்தித்துப் பேசுகிறாரா, நடுவில் புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்களா, ரகசியம் காப்பதற்கு என்ன ஒப்பந்தம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதரவுக் குழு என்பது வேறு. அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதற்கும் அதன் பயன் உண்டு.

இனி முறைகளுக்கு வருவோம். சில பிரச்சினைகளுக்கு எந்த முறை என்பது மிக முக்கியம். வேறு சிலவற்றுக்கு அந்த அளவுக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல பேருக்குப் பணமும் காலமும் வீணாகின்றன.

முறை முக்கியமான பட்டியலில் முதலில் நிற்பது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை மறுபடி மறுபடி பார்ப்பது, வேண்டாத எண்ணம் ஒன்று வந்து விடாமல் பிடித்துக்கொள்வது. இதற்கு அன்பாக உட்காரவைத்து, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்லும் ஆலோசனை சில சமயம் நோயை வளர்க்கவே செய்யும். அந்த ஆறுதல் ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் அடுத்த ஆறுதல் வேண்டும். இங்கே வேண்டியது ஈ.ஆர்.பி. எனப்படும் பயிற்சி: பயத்தைக் கிளப்பும் விஷயத்துக்கு முன்னால் நிற்பது, வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பைச் செய்யாமல் இருப்பது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதன் ஆரம்ப வடிவத்தைப் பற்றி எழுதும்வரை ஓ.சி.டி.யைக் குணப்படுத்தவே முடியாது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

ஒருவரோடு இதை வீடியோ காலில் செய்தோம், அவருடைய வீட்டு வாசலிலேயே. ஒரே ஒரு முறை பூட்டிவிட்டு, கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல், தெருமுனை வரை போய் நிற்க வேண்டும். போனில் அவர் முகம் தெரிகிறது. பதற்றத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். "எண்பது." கொஞ்ச நேரம் கழித்து, "தொண்ணூறு. மேடம், பூட்டியிருக்கும்தானே?" ஆமாம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த நாளின் வேலை போச்சு. "தெரியலையே. தெரியாமலே கொஞ்ச நேரம் நிற்போம்" என்றேன். அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். ஒரு நாய் கடந்து போனதைப் பற்றி ஏதோ சொன்னார். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது நாற்பது என்றார். கதவைப் போய்ப் பார்க்காமலேயே பதற்றம் இறங்கும் என்பதை அவருடைய உடம்பு அன்றுதான் முதல்முறையாகக் கற்றுக்கொண்டது. இதை எந்த அறிவுரையாலும் கற்றுத்தர முடியாது.

உயரம், ஊசி, லிஃப்ட் போன்ற குறிப்பிட்ட பயங்களுக்கும், திடீரென வரும் பீதித் தாக்குதலுக்கும் இதேபோல் பயத்தை நேரில் சந்திக்கவைக்கும் பயிற்சிதான் மையம். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு வரும் அதிர்ச்சி நோய்க்கு அதற்கென்றே வடிவமைத்த சி.பி.டி., அல்லது கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. ஒரு எச்சரிக்கை: சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லவைப்பது உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். யாராவது அப்படி வற்புறுத்தினால் "இப்போது வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்காக மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை டி.பி.டி. தனி அமர்வு, திறன் கற்கும் குழு, இடையில் நெருக்கடி வந்தால் தொலைபேசி உதவி, ஆலோசகர்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் குழு நான்கும் சேர்ந்ததுதான் அதன் முழு வடிவம். பெயரை மட்டும் சொல்லி வாரம் ஒரு அமர்வு தருகிற இடத்தில் மீதியெல்லாம் எங்கே என்று கேளுங்கள். இன்று, இப்போது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் எந்த முறை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்கோ மனநல மருத்துவரிடமோ உடனே போங்கள். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு, எழுந்து குளிக்கக்கூட முடியாத மனச்சோர்வு இவற்றுக்கும் முதல் வாசல் மருத்துவர்தான். ஆலோசனை மருந்தோடு சேர்ந்து போகும், மருந்துக்குப் பதிலாக வராது.

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு நிலைமை வேறு. முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இதை 1936லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் ஊகித்து எழுதிவிட்டார். ஆகவே இங்கே உங்கள் சுபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். எழுதிப் பார்ப்பது, வீட்டுப்பாடம் செய்வது பிடிக்கும் என்றால் 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் வடிவமைத்த சி.பி.டி. நன்றாகப் பொருந்தும். "அவன் போனை எடுக்கல, என்னை வெறுத்துட்டான்" என்று மனம் தாவும் இடத்தைத் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன என்று பார்ப்பதில் அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரு இழப்புக்குப் பிறகோ, வேலை போன பிறகோ, ஒரு சண்டைக்குப் பிறகோ மனம் விழுந்தது என்று உங்களுக்கே தெரிந்தால் ஐ.பி.டி. என்ற உறவுகள் சார்ந்த சிகிச்சை உண்டு, பொதுவாக 12 முதல் 16 வாரம். வாழ்க்கை முழுக்க ஒரே மாதிரி ஆளிடமே போய் மாட்டிக்கொள்கிறேன் என்பவருக்குப் பழைய வேர்களைத் தேடும் மனப்பகுப்பாய்வு வழி முறைகள் பயன்படும், அதற்கு நாளாகும். குறைந்து குறைந்து மறுபடி மறுபடி வரும் மனச்சோர்வுக்கு, நலமாக இருக்கும் காலத்தில் செய்யும் 8 வார மனமுழுமை (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி ஒன்றும் இருக்கிறது. இதையெல்லாம் எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. யாராவது நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. அது சின்னத் தேவையே அல்ல. கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் தன் முறையை முழுக்க அதன்மேல்தான் கட்டினார்.

வீடியோவா, நேரிலா? மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அமர்வு தொடங்கும்போது ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேட்பேன்: "நாம் பேசுவது வேறு யாருக்காவது கேட்குமா?" வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் நேரில் வருவதே நல்லது. எழுத்து வழி ஆலோசனையில் கூச்சம் குறையும், ஆனால் ஆலோசகருக்கு உங்கள் குரலும் முகமும் போய்விடும். செயலிகளில் தானாகச் செய்யும் பயிற்சிகளைப் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதர் விசாரிக்கும் ஏற்பாடு இருந்தால் பலன் கூடுகிறது.

எந்த முறையாக இருந்தாலும் முதல் அமர்வில் ஆலோசகரிடம் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், என் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எத்தனை அமர்வுக்குப் பிறகு பலன் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்? "எல்லாம் கலந்துதான் செய்வேன்" என்பது தவறான பதில் இல்லை, ஆனால் உங்களுக்கு என்ன திட்டம் என்று அவரால் எளிய வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும். இலக்கில் ஒத்த கருத்து, அதற்குச் செய்யும் வேலையில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையே நம்பிக்கை என்று மூன்றை, ஆலோசகரும் வருபவரும் சேர்ந்து வேலை செய்யும் உறவின் கூறுகளாக 1979இல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் வரையறுத்தார். மூன்று நான்கு அமர்வுக்குள் இந்த மூன்றும் ஓரளவு தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பேச வேண்டிய நேரம் அது.

பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் பலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், "எனக்கு ஆலோசனையெல்லாம் சரிப்படாது" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். "நாலு தடவை வந்துட்டேன், உதவுற மாதிரி தெரியல" என்று நேராகச் சொன்னால் நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். முறையை மாற்றுவார், அல்லது பொருத்தமான வேறொருவரைச் சொல்வார். மாறுவதென்றால், இதுவரை நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எதற்காக வந்தீர்கள், எந்த முறை, எத்தனை அமர்வு, எது உதவியது, எது உதவவில்லை. அதைப் புதியவரிடம் முதல் நாளே கொடுத்துவிட்டால், முழுக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொல்லும் களைப்பு இல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.