கணையத்தின் கணக்கைக் குழந்தை கற்றுக்கொள்வது எப்படி?

கணையத்திலுள்ள பீட்டா செல்கள் இரத்தச் சர்க்கரையின் அளவை ஓயாமல் உணர்ந்து, அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே இச்செல்களை அழித்துவிடுவதால், அவை போட்டுவந்த கணக்கை ஒரு மனிதர் போட வேண்டியதாகிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதிலிருந்து மருந்து கைவசம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு, எப்போது என்ற கேள்வி ஒவ்வொரு வேளையும் புதிதாக எழுகிறது.

அந்தக் கணக்கு கடினமானதன்று. ஒரு குழந்தைக்கு 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் தேவை என்றும், ஒரு யூனிட் இன்சுலின் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 50 மி.கி. குறைக்கும் என்றும் மருத்துவர் வகுத்திருப்பதாகக் கொள்வோம். உணவில் 60 கிராம் மாவுச்சத்து இருந்து, சர்க்கரை 200 ஆகவும் இலக்கு 100 ஆகவும் இருந்தால், உணவுக்கு 6, திருத்தத்துக்கு 2, ஆக 8 யூனிட். இந்த விகிதங்கள் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஒரே குழந்தைக்கும் வளர வளர மாறும். உண்மையில் கடினமானது காலம்தான். விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் உடலில் சில மணி நேரம் நீடிக்கும் என்பதை அறியாத பிள்ளை, சர்க்கரை இறங்கவில்லையே என்று சற்று நேரத்தில் மறுபடி ஊசி போட்டுக்கொண்டால், இரண்டும் சேர்ந்து அளவை ஆபத்தான தாழ்நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

ஆகவே முதலில் கற்பிக்க வேண்டியது தாழ்சர்க்கரையை அடையாளம் காண்பதையே. நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமற்ற எரிச்சல் ஆகியவை தோன்றி அளவு 70க்குக் கீழே இருந்தால், பெரிய குழந்தைகளுக்குச் சுமார் 15 கிராம் குளூக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிப்பது வழக்கம். சிறு குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவதால் அது இங்கே உதவாது. நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; சர்க்கரையை உயர்த்தும் குளூக்ககான் மருந்தும் அவசர உதவியுமே வழி. ஓடியாடிய நாளில் தசைகள் பல மணி நேரம் குளூக்கோஸை இழுத்துக்கொண்டே இருப்பதால், மாலை விளையாட்டின் விளைவு நள்ளிரவில் தெரியலாம் என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

பொறுப்பை வயதை மட்டும் பார்த்து ஒப்படைக்க முடியாது. மிகச் சிறிய குழந்தை எந்த விரலில் குத்தலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். பள்ளிப் பருவத்தில் தானே சோதித்து, பெரியவர் சரிபார்த்த அளவைத் தானே செலுத்திக்கொள்ளலாம். பதின்ம வயதில் வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவதால் கணக்கு சிக்கலாகிறது. “பெரிய பிள்ளையாகிவிட்டான்” என்று பெற்றோர் விலகிக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான். இதை நான் மிகவும் அஞ்சத்தக்க இடைவெளியாகக் கருதுகிறேன்.

குளூக்கோமீட்டரில் 280 வரும்போதெல்லாம் திட்டு வாங்கும் பிள்ளை, குறிப்பேட்டில் 140 என்று எழுதப் பழகிவிடும். அதன்பின் அந்த எண்ணை நம்பி மருத்துவர் எடுக்கும் முடிவும் தவறாகும். உயர்ந்த அளவுக்குக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஊசி போட்டுத் தோலடிக் கொழுப்பு தடித்து, மருந்து சரியாகச் சேராமலும் இருக்கலாம். “என்ன தின்றாய்?” என்று அதட்டுவதைவிட “எதனால் ஏறியிருக்கும், சேர்ந்து பார்ப்போமா?” என்று கேட்கும் வீட்டில்தான் பிள்ளை உண்மையான எண்ணைக் காட்டும்.

எவ்வளவு தேர்ந்த பிள்ளையிடமும் தனியாக விடக்கூடாத சூழ்நிலை ஒன்று உண்டு. வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடக்கும்போது இன்சுலினை நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் இன்சுலின் அறவே இல்லையெனில் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்களை உண்டாக்கி, இரத்தம் அமிலத்தன்மை அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்நேரத்தில் அளவு மாறலாம், முற்றாக நிறுத்தலாகாது. கீட்டோனைச் சோதிப்பதும் மருத்துவக் குழுவை உடனே அழைப்பதும் பெரியவரின் வேலை.