பந்து எத்தனை தடவை கைக்கு வந்தது?

கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு ஒரு பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டப்படிப்பு) மாணவர் வந்திருந்தார். ஏழாம் வகுப்புக்கு அவர் வாலிபால் சர்வீஸ் சொல்லிக்கொடுத்தார். நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக இப்படி உட்காரும்போது ஆசிரியரைத்தான் கவனிப்போம்: குரல் கடைசி வரிசைக்கு எட்டுகிறதா, சரியாகச் செய்துகாட்டுகிறாரா என்று. அன்று என்னவோ தோன்றி, வரிசையில் நின்ற ஒரு பெண்ணை மட்டும் 40 நிமிடமும் பார்த்தேன்.

அட்டெண்டன்ஸ், இரண்டு ரவுண்டு ஓட்டம், வார்ம் அப், விளக்கம் என்று முதல் 15 நிமிடம் போனது. அப்புறம் 42 பிள்ளைகளுக்கு இரண்டு வரிசை, இரண்டு பந்து. அவள் முறை நெருங்கியதும் பின்னால் இருந்தவளிடம் “நீ போடி” என்று வழிவிட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். அடுத்த சுற்றிலும் அதேதான். மணி அடிப்பதற்குள் அவள் கையில் பந்து பட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் வலையைத் தாண்டவில்லை.

வகுப்பில் சண்டை இல்லை, கூச்சல் இல்லை. தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்திருந்தால் பாராட்டிவிட்டுப் போயிருப்பார். பயிற்சிக்கு வந்தவரிடம் எந்தக் குறையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நடத்தியது நான் பல வருடமாக நடத்திவந்த அதே வகுப்பு.

அந்தப் பெண் செய்ததை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். மரியேல் தூசின்யான், டேரில் சீடென்டாப் என்ற இருவர் 1983இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார்கள்: விதியை மீற மாட்டார்கள், ஆசிரியரிடம் திட்டு வாங்க மாட்டார்கள், வரிசையிலேயே இருப்பார்கள், ஆனால் முறை வராமல் சாமர்த்தியமாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆசிரியரின் கண்ணில் அவர்கள் நல்ல பிள்ளைகள். அதனாலேயே ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு பந்தை ஒழுங்காகப் பிடிக்கக் கற்காமலே போய்விட முடிகிறது. அதே 1983இல் ஜூடித் பிளேசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடற்கல்வி ஆசிரியர்கள் எதை வெற்றி என்று நினைக்கிறார்கள் என்று பார்த்தார். பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், சந்தோஷமாக இருக்க வேண்டும், அடங்கி நடக்க வேண்டும். இந்த மூன்றும்தான் முன்னால் நின்றன. என்ன கற்றார்கள் என்ற கேள்வி எங்கோ பின்னால் இருந்தது.

கணக்கு ஆசிரியர் ஒருவர் 40 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கு மட்டும் போடுங்கள் என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? மைதானத்தில் மட்டும் அது இயல்பாகிவிட்டது.

ஒரு வகுப்பை அளக்க நல்ல வழிகள் இருக்கின்றன. சீடென்டாப்பும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளை அசைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அதில் கணக்கில் வராது. பாடத்துக்குரிய அசைவை, தனக்கு ஏற்ற கடினத்தில், ஓரளவு வெற்றியோடு செய்த நேரம் மட்டுமே கற்ற நேரம். தாமஸ் மெக்கென்சி 1991இல் கொண்டுவந்த முறை இன்னும் எளிது. ஒரு பிள்ளையை 10 விநாடி பார்த்து, அடுத்த 10 விநாடியில் குறிக்க வேண்டும்: படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா, நடக்கிறதா, அதைவிட வேகமாக இயங்குகிறதா. பல நாடுகளில் வகுப்பு நேரத்தில் பாதியாவது இயக்கத்தில் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் தொடக்கப் பள்ளிகளின் சராசரியே 45 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

இதை மாற்றப் பெரிய செலவு வேண்டியதில்லை. கிறிஸ் லான்ஸ்டேல் குழு 2013இல் தொகுத்த ஆய்வுகளில், ஆசிரியர்கள் வகுப்பை ஒழுங்குபடுத்தும் விதத்தை மாற்றிக்கொள்ளப் பயிற்சி பெற்றபோது பிள்ளைகள் இயங்கும் நேரம் கண்கூடாகக் கூடியது. என் மைதானத்தில் நான் செய்தவை சாதாரணமானவை. அட்டெண்டன்ஸை ஆறு குழுத் தலைவர்களிடம் கொடுத்துவிட்டேன். நீண்ட வரிசை போய், நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். வாலிபால் இல்லாத குழுவுக்கு ரப்பர் பந்து, அதுவும் இல்லையென்றால் பழைய துணியைச் சுற்றித் தைத்த பந்து. வலைக்குப் பதிலாக இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு. மெதுவாக வரும் துணிப்பந்தைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. விரலில் அடிபடும் என்ற அச்சம் போனாலே பாதிப் பேர் கை நீட்டிவிடுகிறார்கள்.

பந்து கைக்கு வருவதை இவ்வளவு பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தொடக்கப் பள்ளியில் எறிதல், பிடித்தல், உதைத்தல் திறன்களைச் சோதித்த அதே பிள்ளைகளை ஆறேழு வருடம் கழித்து லிசா பார்னெட் குழு மறுபடி பார்த்தது. சிறுவயதில் பந்தைக் கையாளத் தெரிந்தவர்களே வளரிளம் பருவத்தில் கூடுதலாக ஓடியாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பந்தைத் தட்டத் தெரிந்தால் விளையாடத் தெரிந்துவிடாது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பங்கர், ராட் தோர்ப் இருவரும் 1982இல் எழுதியது இதைத்தான். முதலில் நுட்பம், பிறகுதான் ஆட்டம் என்ற வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். சின்ன ஆட்டத்தில் தொடங்கு, அங்கே ஒரு சிக்கல் வரட்டும், அதற்கு எந்த நுட்பம் வேண்டும் என்று பிள்ளையே கேட்கட்டும். த்ரோபாலில் மூன்று பேருக்கு மூன்று பேர் என்று விட்டுப் பார்த்தேன். நான்கைந்து பாயிண்ட் கழித்து நிறுத்தி, “அவங்க பக்கம் எந்த இடம் காலியா இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். அடுத்த பந்து அந்தக் காலி இடத்துக்குப் போனது. எப்படிக் குறிபார்த்து எறிவது என்று ஒரு பையன் என்னிடம் வந்து கேட்டது அதற்கப்புறம்தான். அந்த நேரத்தில் சொல்லும் விளக்கம் காதில் ஏறும். முதல் 15 நிமிடத்தில் வெயிலில் நிறுத்திச் சொல்வது ஏறாது.

‘அவுட்’ ஆனால் வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களை நான் வகுப்பில் நிறுத்திவிட்டேன். முதலில் வெளியேறுகிறவர் யார்? பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளை. கபடியில் புள்ளி எடுத்தால் அவுட் ஆனவர் உள்ளே வருவது போல, மற்ற ஆட்டங்களிலும் திரும்பி வர ஒரு வழி வைக்கலாம். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதையும் விட்டுவிட்டேன். கடைசியாக மிஞ்சி நிற்கும் அந்தப் பிள்ளையின் முகத்தை எல்லா பி.டி. ஆசிரியரும் பார்த்திருப்போம். அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 1,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பள்ளி உடற்கல்வி நினைவுகளைக் கேட்டார்கள். கசப்பான நினைவு கொண்டவர்களுக்கு இன்றும் உடற்பயிற்சி மேல் விருப்பம் குறைவாக இருந்தது. நினைவை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக ஐந்து ரவுண்டு ஓடவிடும்போது ஓட்டத்தைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்று யோசிக்க அது போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். உலகச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவை வைத்து 2019இல் வெளியிட்ட கணக்கில், 11 முதல் 17 வயது வரையிலான பெண்களில் 85 சதவீதம் பேருக்கும் பையன்களில் 78 சதவீதம் பேருக்கும் தினசரி ஒரு மணி நேர இயக்கம் கிடைக்கவில்லை. என் அனுபவத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண் “வயித்து வலி சார்” என்று ஓரமாக உட்காரும்போது, பல நேரம் காரணம் உடையாகவோ, கழிப்பறையில் தண்ணீர் இல்லாததாகவோ, வேடிக்கை பார்க்கும் பையன்களாகவோ இருக்கும். துப்பட்டாவைக் கழற்றிவிட்டு டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போட அனுமதி கிடைத்த பிறகு எங்கள் பள்ளியில் வயிற்று வலி வெகுவாகக் குறைந்தது.

இவ்வளவும் பி.டி. பீரியட் நடந்தால்தான். தேர்வு நெருங்கினால் அதை மற்றப் பாடங்கள் எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், துருவா ரிவியேரில் 1970இல் தொடங்கிய ஆய்வில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உடற்கல்வி கொடுத்தார்கள். மற்றப் பாடங்களின் நேரம் 13 சதவீதம் வரை குறைந்தது. மதிப்பெண் சரியவில்லை, மேல் வகுப்புகளில் கொஞ்சம் கூடவே வந்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது நம்பாமல் பார்க்கிறார்கள். பரவாயில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பி.டி. உள்ள நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஜெயிச்சியா என்று கேட்காதீர்கள், இன்னைக்குப் பந்து எத்தனை தடவை உன் கைக்கு வந்தது என்று கேளுங்கள். மூன்று, நான்குதான் என்று பதில் வந்தால் அதை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.