ஒட்டகத்தை வாட்டுவது நம் ஊர் ஈரம்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தேர், பூரம், பொருட்காட்சி எது நடந்தாலும் இப்போது ஒட்டகச் சவாரியும் வந்துவிடுகிறது. "பாலைவனத்து மிருகம்தானே டாக்டரே, நம்ம வெயில் அதை என்ன செய்யும்?" என்று மாடு காட்ட வருகிறவர்கள் கேட்பார்கள். வெயில் ஒன்றும் செய்யாது. உடம்புச் சூடு 34 டிகிரி செல்சியஸிலிருந்து 41 வரை ஏறினாலும் தாங்கி, வியர்க்காமல் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற பிராணி அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மழைக்காலம்தான் அதற்கு ஆகாது.

கடுங்குளிரைக்கூடத் தாங்கிய வம்சம் இது. ஒட்டகக் குடும்பம் 4 கோடி ஆண்டுகளுக்கும் முன் வட அமெரிக்காவில் தோன்றியது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த கால் எலும்புத் துண்டுகள் சுமார் 35 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அந்த ஒட்டகம் இன்றையதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு பெரியது என்று 2013-இல் அறிவித்தார்கள். பாதி ஆண்டு இருளும் பனியுமான காட்டில் திமில் கொழுப்பும் அகன்ற பாதமும் கைகொடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கிளை ஆசியாவுக்குக் கடந்தது. அதன் அழிந்த உறவான கமேலஸ் சிவலென்சிஸின் எலும்புகள் நம் சிவாலிக் குன்றுகளிலேயே கிடைத்தன. தெற்கே போன கிளைதான் தென் அமெரிக்காவின் லாமாவும் விகுன்யாவும். பிறந்த மண்ணில் தங்கிய கமேலாப்ஸ், பனியுகம் முடியும்போது அழிந்துபோனது.

இன்று காட்டு இரட்டைத் திமில் ஒட்டகம் கோபிப் பாலை வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியாவில் 2012 கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019-இல் இரண்டரை லட்சம்தான். ராஜஸ்தான் 2014-இல் இதை மாநில விலங்காக்கி, அடுத்த ஆண்டே மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குச் சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தது.

நான் பயப்படுவது சர்ரா நோய்க்கு. மழைக்காலத்தில் பெருகும் கடி ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி இது. நம் மாடும் எருமையும் வெளியே ஒன்றும் காட்டாமல் இதைச் சுமக்கும். பக்கத்தில் கட்டிய ஒட்டகம் மாதக்கணக்கில் இளைக்கும். கீழ் இமையைச் சற்று இழுத்துப் பாருங்கள்: சிவப்பு போய் வெளுத்திருக்கும். திமில் வற்றி ஒருபக்கம் சரியும், வயிற்றடியில் நீர் கோக்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். தொடை இடுக்கில் முடி கொட்டித் தோல் தடித்திருந்தால் சொறி. அது ஏறி உட்காரும் பிள்ளைக்கும் தொற்றும். பாதத்தில் குளம்பு கிடையாது, மெத்தைதான். சேற்றில் வழுக்கிப் பின்கால்கள் இரண்டும் விலகிவிட்டால் எழுந்திருப்பதே பெரும்பாடு.

ஒட்டகக்காரர்களைத் திட்டி விரட்டாதீர்கள். பிழைக்க வந்தவர்கள், அவர்களுக்கு விவரம் சொல்ல இங்கே ஆளில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். மாட்டுக்குப் போடுகிற டைமினசீன் ஊசியை ஒட்டகத்துக்குப் போடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. சர்ராவுக்கு வேறு மருந்து உண்டு, இரத்தம் பார்த்துத்தான் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கோழித் தீவனம் வைக்கவும் கூடாது. அதில் கலக்கும் மொனென்சின், சலினோமைசின் என்ற மருந்துகள் இரண்டும் ஒட்டகத்துக்கு விஷம். தளர்ந்து நிற்கும் ஒட்டகத்தைக் கண்டால் சவாரிக்கு ஏறாமல், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.